சூடான ஷிராஸ், கெட்டுப்போன கேபர்னே: உங்கள் ஒயின் வகுப்பு பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அடிலெய்டில் நடந்த ஒயின் சுவைத்து மதிப்பிடும் வகுப்பு – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா/அம்மா,

பிப்ரவரியில் நீங்கள் நடத்திய மாலை வகுப்புக்கு நானும் என் மனைவியும் தலைக்கு 140 டாலர் கட்டி வந்திருந்தோம். ஒயின் போட்டி நடுவர்கள் எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்று சொல்லித் தருவதாக உங்கள் விளம்பரத்தில் இருந்தது. அதற்காகத்தான் அந்தப் பணம். சும்மா குடிப்பதென்றால் வீட்டிலேயே குடித்திருப்போம்.

ஆளுக்கொரு 20 மதிப்பெண் தாள் கொடுத்தீர்கள். நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாயில் தெரியும் சுவைக்கு 10. ஆஸ்திரேலியப் போட்டிகளில் நெடுங்காலம் இருந்த முறைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 18.5 வாங்கினால் தங்கப் பதக்கம் என்று உங்கள் பேச்சாளர் சொன்னதும் சரி. ஆனால் மணத்துக்கான அந்த 7 மதிப்பெண்ணைப் போட வழியே இல்லை. கிளேர் பள்ளத்தாக்கின் வெள்ளை ஒயினான ரீஸ்லிங்கை ஐஸ் வாளியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினார்கள். கிளாஸ் வெளியே வியர்த்து வழிகிறது, உள்ளே மூக்கை விட்டால் ஒரு வாசமும் இல்லை. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, எலுமிச்சை வாசம் லேசாக எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த ஒயின் வந்துவிட்டது. சிவப்புக்கு நேர்மாறான கதி. பரோசா ஷிராஸ் பாட்டில்கள் சாயங்கால வெயில் விழும் மேசையில் நின்றுகொண்டிருந்தன. 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் அந்தச் சூட்டில் நெடியாகத்தான் ஏறும், பழ வாசமா தெரியும்? வெள்ளைக்கு 10 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18 என்று உங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறீர்கள். ஊற்றியவர்கள் கண்ணில் அது படவில்லை போலும்.

சரி, கூட்டம் அதிகம், அவசரம் என்று இதை விட்டிருப்பேன். என்னை எழுத வைத்தது கூனவாரா பகுதியின் கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயின்தான். எங்கள் மேசைக்கு வந்த பாட்டிலில் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி வாசம். வாயில் வைத்தால் பழமே இல்லை, சப்பென்று இருந்தது. கார்க் வழியாக வரும் டிசிஏ என்ற வேதிப்பொருள் செய்யும் வேலை இது. ஒயின் மதிப்பிடப் பழகுகிறவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டிய குறைகளில் ஒன்று. சொன்னேன். பேச்சாளர் முகர்ந்து பார்த்துவிட்டு, “அது கூனவாராவின் செம்மண் வாசனை, பழகப் பழகப் பிடிக்கும்” என்றார். பக்கத்து மேசைக்காரர் தன் கிளாஸை நீட்டினார். அதே லேபிள், அதே வருடம். பிளாக்கரன்ட் பழமும் புதினாவுமாக வாசம் தூக்கியது. அதுவும் அதே செம்மண்ணில் விளைந்ததுதானே? வேறு பாட்டில் கேட்டதற்கு, மேசைக்கு ஒன்றுதான் கணக்கு என்று உங்கள் ஊழியர் கைவிரித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கார்க் தொல்லை தாங்காமல்தான் கிளேர் பள்ளத்தாக்குக்காரர்கள் 2000-ஆம் ஆண்டு ரீஸ்லிங்கை ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாற்றினார்கள் என்ற கதையை அதே பேச்சாளர் கொஞ்ச நேரம் முன்னால்தான் ரசித்து ரசித்துச் சொன்னார்.

கையேட்டிலும் ஒரு பிழை. ஹண்டர் பள்ளத்தாக்கின் பழைய செமியோன் என்ற வெள்ளை ஒயினில் வரும் டோஸ்ட் வாசத்துக்கு ஓக் பீப்பாய் காரணம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒயினுக்குப் பொதுவாக ஓக் பீப்பாயையே காட்டுவதில்லை. திராட்சையைச் சீக்கிரமே பறித்து, ஆல்கஹால் 10, 11 சதவீத அளவில் செய்து, பாட்டிலில் வருடக்கணக்கில் விட்டுவைப்பதால் தேனும் டோஸ்டுமாக மாறுகிறது. அன்று ஊற்றியதில் உருப்படியானது அது ஒன்றுதான், 18 போட்டேன்.

இரண்டு பேர் கட்டணம் 280 டாலரையும் நான் பணம் கட்டிய கார்டுக்கே திருப்பி அனுப்புங்கள். அடுத்த வகுப்புக்கு இலவச அனுமதி என்று மட்டும் பதில் போடாதீர்கள், வேண்டாம். கையேட்டில் செமியோன் பத்தியைத் திருத்துங்கள். அப்புறம், கெட்ட பாட்டிலை மாற்ற மேசைக்கு ஒன்று உபரியாக வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் தாள்கள் இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். கேபர்னேவுக்கு நேரே இருக்கும் கட்டங்களை நாங்கள் நிரப்பவில்லை.

இப்படிக்கு,
வகுப்புக்கு வந்த வாடிக்கையாளர்