புது டிரம்மருக்குச் சரி சொல்லிவிட்டேன்

மாப்ள,

வேறு யாராவது வந்து உன் காதில் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பேண்டை மறுபடி ஆரம்பிக்கிறோம். டிரம்ஸுக்கு வேறொரு பையன். நானும் சரி சொல்லிவிட்டேன்.

நீ பெங்களூரு போனது, அதற்கு முன் நடந்தது எதுவும் இங்கே வேண்டாம். உன் மாமனார் வீட்டில் இதைப் படிப்பார்கள். நம்ம பசங்களும் படித்துவிட்டு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

இந்த முறையும் 'மனி' வாசிக்கிறோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பிங்க் ஃபிளாய்ட் 1973-ல் வெளியிட்ட அந்தப் பாட்டை செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை மாடியில் நான் நாலு நாலாக எண்ணித் தடுமாறிக்கொண்டிருந்தேன். நீ குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மிருதங்கம் படித்த கையால் என் தொடையில் 'தகிட தகதிமி' தட்டினாய். மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். நான் வாசிக்கும் பேஸ் கிட்டார் வரி அப்படியே மூன்றும் நாலுமாகப் பிரியாதுதான். ஆனாலும் ஏழு உடம்பில் ஏறிவிட்டது. கிட்டார் சோலோவுக்குப் பாட்டு நாலுக்கு மாறும், அப்புறம் ஏழுக்குத் திரும்பும். திரும்புகிற இடத்தில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையாட்டுவாய்.

ஏற்காட்டில் அன்றைக்கும் ஆட்டினாய். ஏழுக்குத் திரும்பிய கையோடு கரண்டு போனது. மைக், கிட்டார், கீபோர்டு எல்லாம் செத்தது. டிரம்ஸுக்குக் கரண்டு எதற்கு, நீ வாசித்துக்கொண்டே இருந்தாய். நானும் கையை எடுக்கவில்லை. ஆம்ப் இல்லாத பேஸ் பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. வயிற்றோடு ஒட்டியிருந்த கட்டையின் அதிர்வை வைத்தே ஓட்டினேன். பனிமூட்டத்தில் யாரோ செல்போன் லைட் அடித்தார்கள். நீ என் வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஜெனரேட்டர் போட்டதும் ஆம்ப் 'டப்' என்றது. அடுத்த சுற்றின் ஒண்ணில் என் பேஸும் உன் கிக் டிரம்மும் சேர்ந்து விழுந்தன. நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உன் பக்கத்தில் நின்றிருப்பேன்.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் வேனில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாய், "ஒத்த ஆளா ஷோவைக் காப்பாத்தினேன்" என்று. கூட்டம் அப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன், அவர்களுக்குக் கேட்கவில்லை. நீ என் விரலைப் பார்த்தவன்டா.

சரி. உன்னிடம் கேட்காமல் முடிவு எடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வருகிறேன் என்பாய், ரிகர்சல் அன்று போனை எடுக்க மாட்டாய். மற்ற மூன்று பேருக்கும் குடும்பம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வருகிறார்கள். அதனால்தான் கேட்கவில்லை. இதற்கு மன்னிப்பு எதற்கு என்றும் தோன்றுகிறது.

புதுப் பையன் காதில் தாளம் எண்ணித் தரும் கிளிக் மாட்டிக்கொண்டு வாசிக்கிறான். பிசகவே மாட்டான். என் பக்கம் திரும்பவும் மாட்டான்.

மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறாயா? அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

உன் சிம்பல் ஸ்டாண்டு இரண்டும் எங்கள் வீட்டு மாடியில் கிடக்கிறது. மழைக்கு முன் ஆள் அனுப்பி எடுத்துக்கொள். நான் கொண்டுவந்து தர மாட்டேன்.