அன்றைக்கு அம்மா பார்க்காத படம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் டிவியில் 'பசங்க' பார்த்தோம் என்றதும், 'அந்தச் சின்னப் புள்ளைங்க சண்டைப் படமா?' என்று சிரித்தாய். சண்டைப் படம்தான். ஆறாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேருக்குள் யார் பெரியவன் என்கிற சண்டை. 2009 மே மாதம் அது வந்தபோது நீயும் ஐந்தாவதை முடித்துவிட்டு ஆறாவதுக்குக் காத்திருந்தாய். விராச்சிலையில் எடுத்தது, நம்ம புதுக்கோட்டைப் பக்கத்துப் படம் என்று சொல்லித்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். இயக்குநர் பாண்டிராஜுக்கு அதுதான் சொந்த ஊர். முதல் படமும் அதுதான்.

அன்றைக்கு நீ சிரித்த இடத்தில் எல்லாம் நானும் சிரித்தேன், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது இப்போதுதான் பிடிபட்டது. நம் சினிமாவில் குழந்தைகள் வந்தாலே பெரியவர்கள் எழுதிக்கொடுத்த பஞ்ச் வசனத்தை மழலையில் ஒப்பிப்பார்கள், தியேட்டரும் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. இந்தப் படத்தில் ஒரு பையனும் நம்மைச் சிரிக்கவைக்க மெனக்கெடவில்லை. 'அன்புக்கரசு ஐ.ஏ.எஸ்.' என்று அவன் பெயர் சொல்லும்போது முகத்தைப் பார். கலெக்டர் ஆகப்போகிறேன் என்று இல்லை, ஆகியாச்சு, உங்களுக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை என்கிற மாதிரி இருக்கும். இல்லாத பைக்கை வாயாலேயே ஓட்டிக்கொண்டு வருவானே, அவனுக்கு அது பைக்தான். காமெடி நமக்கு. அவனோடு மோதுகிற இன்னொரு பையன் ஜீவா. அன்புவைப் பார்த்து ஜீவாவுக்கு வருகிற எரிச்சலிலும் பாசாங்கு கிடையாது. போதாததற்குக் கூடவே அவன் கூட்டாளி பக்கடா. சும்மா இருக்கிறவனையும் கொளுத்திவிடுகிற ஆள். உன் வகுப்பிலும் ஒருத்தன் இருந்தான், பெயர் வேண்டாம், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான்.

படத்துக்கு மூன்று தேசிய விருது கிடைத்தது: சிறந்த தமிழ்ப்படம், வசனம், குழந்தை நட்சத்திரம். கடைசி விருது அன்புவாக நடித்த கிஷோர், ஜீவாவாக நடித்த ஸ்ரீராம் இரண்டு பேருக்கும் சேர்த்து. ஜீவாவை வெறும் வில்லனாக எழுதியிருந்தால் அப்படிக் கொடுத்திருக்கவே முடியாது. அவன் செய்வது அத்தனையும் அநியாயம்தான், ஆனாலும் நமக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை. அந்த வயதில் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

விமல், வேகா காதல் வந்து போகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கைதட்டுகிற கடைசிக் கட்டம் கொஞ்சம் இழுவை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அன்புவின் அப்பா வெள்ளைச்சாமிக்கும் அம்மாவுக்கும் நடக்கிற சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். அவ்வளவு வாயடிக்கிற பையன் அந்த வீட்டுக்குள் ஒடுங்கிப்போவான். அப்புறம் ஜீவாவின் அப்பா, சொக்கலிங்கம் வாத்தியார், வெள்ளைச்சாமியிடம் பேசுவார். பிள்ளைகளால் முறைத்துக்கொண்ட வீட்டுக்காரரே வந்து பேசுவதுதான் அந்தக் காட்சியின் பலம். நடித்தவர் ஜெயப்பிரகாஷ். அதற்கு முன்னால் படத் தயாரிப்பாளராக இருந்தவர். குரலை உயர்த்தாமல், பாடம் எடுக்காமல், ஒரு வாத்தியார் அப்படிப் பேசி நான் சினிமாவில் அதிகம் பார்த்ததில்லை.

தியேட்டரில் அதுவரை ஒவ்வொரு சிரிப்புக்கும் என் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தாய். அந்தச் சண்டைக் காட்சியில் மட்டும் திரும்பவில்லை. காலியான பாப்கார்ன் பொட்டலத்தை மடித்து, மறுபடி மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாய். நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி திரையைப் பார்த்தேன்.

அம்மாவுக்குத் தலைவலி என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அன்று காலையில் நானும் அவளும் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த அறையில் இருந்த உனக்கா கேட்டிருக்காது? வீடு திரும்புகிற வழியில் பைக் பின்னால் உட்கார்ந்து பக்கடா மாதிரி பேசிக் காட்டிக்கொண்டே வந்தாய். தெரு திரும்பியதும் நிறுத்திவிட்டாய். நான் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, இத்தனை வருடமாகவும் கேட்கவில்லை.

போன வாரம்தான் அம்மா அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தாள். வெள்ளைச்சாமி சண்டை வந்ததும் ரிமோட்டை எடுத்தாள். சேனலை மாற்றப்போகிறாள் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, 'தம்பியக் கூட்டிட்டுப் போனது இந்தப் படத்துக்கா?' என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு படம் முடிகிறவரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சண்டை எல்லாம் இல்லை, பயப்படாதே.

படத்தில் ஜேம்ஸ் வசந்தன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய பாட்டு ஒன்று வரும். மூன்று நாளாக அடுப்படியில் அதுதான் ஓடுகிறது. பாதி வரிகள் அவளே போட்டுக்கொண்டவை.

தீபாவளிக்கு வரும்போது மூன்று பேருமாகப் பார்க்கலாம் என்கிறாள். பாப்கார்ன் அவள் பொறுப்பாம். டிக்கெட் போட்டாயா இல்லையா?

இப்படிக்கு,
அப்பா