இரண்டு முக்கோண மலையும் நடுவில் ஒரு சூரியனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே கைவினைப் பொருள் செய்வது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். யோசனை வரவில்லையா, செல்போனில் தேடுங்கள், ஆயிரம் மாதிரி கிடைக்கும். பொருள் இல்லையா, ஆன்லைனில் ‘கிட்’ வாங்குங்கள், எல்லாம் அளவாக வெட்டியே வந்துவிடும். இதுதான் அதன் சாரம். பக்கத்தின் அடியில் குழந்தைகள் பார்த்து வரைய ஒரு படம்: இரண்டு முக்கோண மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபமாக எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் இருக்கிறது.

நான் ஆந்திர மாநிலம் நகரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். திருத்தணியைத் தாண்டினால் எங்கள் ஊர்தான். ஜாக்கெட், ஃபால்ஸ், பீகோ, பள்ளிக்கூட யூனிஃபார்ம், இதுதான் பிழைப்பு. வெட்டும்போது விழுகிற துணியைத் தூக்கிப் போட மனசு வராமல் பை, தலையணை உறை, சுவரில் மாட்டுகிற துணிப்படம் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாலை தெருப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ‘டைலர் அத்தை’ என்று கூப்பிடுவார்கள். ஃபீஸ் கிடையாது. கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம்.

கடை வாசலில் நின்றால் மலை தெரியும். நகரி மலை. அதன் ஒரு நுனி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் கடலில் வருகிற கப்பல்காரர்களுக்கே அது கரை அடையாளம். ‘நகரி நோஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் கப்பலில் வந்தவனுக்குத் தெரிந்த மூக்கு, அதன் அடியிலேயே பிறந்து வளரும் பிள்ளைக்குத் தெரியவில்லை. மலை வரை என்றால் உங்கள் பேப்பரில் வந்த மலையைத்தான் வரைகிறது. அதே இரண்டு முக்கோணம், அதே சூரியன்.

ஒரு நாள் எல்லோரையும் வாசலில் நிறுத்தி, பார்த்துவிட்டு வந்து துணியில் வெட்டச் சொன்னேன். “அத்தை, மலை கோணலா இருக்கே, எப்படி வெட்டறது?” என்றான் ஒரு பையன். கோணலாகவே வெட்டு என்றேன். முக்கோணம் எங்கேயும் இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். மேலே நீளமாக ஒரு விளிம்பு, அதன் கீழே வெட்டி வைத்த மாதிரி செங்குத்தான பாறை, அதற்கும் கீழே சரிவு, சரிவு முழுக்கப் புதர். ஒரு சின்னப் பெண் பழைய யூனிஃபார்ம் பேண்ட்டின் சாம்பல் துணியில் மலையை வெட்டினாள். அடி விளிம்பை மடித்துத் தைக்கத் தெரியாததால் பிசிறு பிசிறாக விட்டுவிட்டாள். அந்தப் பிசிறே புதராகிவிட்டது! முப்பது வருஷமாகப் பிசிறை ஓவர்லாக் போட்டு அடக்கிக்கொண்டிருக்கிற எனக்கு அது தோன்றியிருக்காது.

மாங்காயும் அப்படித்தான். புடவைக் கரையிலும் மெஹந்தியிலும் எங்கே பார்த்தாலும் ஒரே மாங்காய் டிசைன், வாலைச் சுருட்டிக்கொண்டு. எங்கள் பக்கம் தோப்புகளில் காய்ப்பதோ கிளிமூக்கு மாங்காய். நீளமாக, அடியில் ஒரு அலகு வைத்துக்கொண்டு. ஜூஸ் ஃபேக்டரிக்கு டிராக்டர் டிராக்டராகப் போகிறது. அந்த அலகோடு வெட்டி ஒரு பையில் வைத்துத் தைத்தால், பார்க்கிறவர்கள் எடுத்துப் புரட்டிப் பார்த்து, “இது நம்ம ஊர் காய் இல்ல?” என்று கேட்கிறார்கள். (எங்கள் ஊரில் மலைக்கும் மூக்கு, மாங்காய்க்கும் மூக்கு. மனிதர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

இனிமேல் சொல்லப்போவது துருவைப் பற்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் மற்றதை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

தையல்காரிக்குத் துரு என்றால் பகை. குண்டூசி துருப்பிடித்தால் வெள்ளை ஜாக்கெட் போச்சு. மட்டமான கொக்கி வைத்துவிட்டால் முதல் சலவையிலேயே பழுப்புக் கறை, அப்புறம் அந்த அம்மா கடை வாசலில் நின்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவார். இப்படிப்பட்ட நான், ரேணிகுண்டாவில் ரயில் மாறி காளஹஸ்திக்குச் சாமி கும்பிடப் போன இடத்தில், கலம்காரி (துணியில் குச்சியால் வரைகிற ஓவியம்) போடுகிற ஒரு வீட்டில் பானை நிறையத் துருவைப் பார்த்தேன். பழைய இரும்புத் துண்டுகள், வெல்லம், தண்ணீர். சில வாரம் அப்படியே ஊற வைக்கிறார்கள். அதுதான் அவர்களுக்குக் கறுப்பு மை.

பானையில் பார்த்தால் மங்கலான பழுப்புத் தண்ணீர்தான். காடாத் துணியை முன்கூட்டியே கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்திருக்கிறார்கள். அதன்மேல் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவத்தைக் கோடு போட்டுக்கொள்கிறார்கள். கலம் என்பது ஒரு மூங்கில் குச்சி; முனைக்கு மேலே துணியைச் சுற்றி நூலால் கட்டியிருக்கும். மையில் தோய்த்து, அந்த முடிச்சை விரலால் லேசாக அமுக்கினால் முனைக்கு மை இறங்கும். அந்தப் பழுப்புத் தண்ணீர் துணியில் பட்டதும் கோடு கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பால் எதற்கு என்று கேட்டேன். அதிலுள்ள கொழுப்பு மையைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைத் தடவிவிட்டுச் சாயத்தில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் நன்றாகச் சிவப்புப் பிடிக்கும். அலசுவது ஓடுகிற தண்ணீரில். தேங்கிய தண்ணீரில் போட்டால் படிகாரம் கண்ட இடத்தில் பரவிவிடும். ஸ்வர்ணமுகி ஆற்றோரத்தில் இந்தத் தொழில் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீலத்துக்கு அவுரி. பச்சை வேண்டுமென்றால் மஞ்சள் மேல் நீலம்.

இந்தத் தொழில் ஒரு காலத்தில் நொடித்துப்போய், கைவினைத் தொழில்களை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் எடுத்த முயற்சியால் 1950களில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் வைத்து மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். ஜொன்னலகட்டா குரப்ப செட்டி என்ற கலம்காரிக் கலைஞருக்கு 2008இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தது அந்தப் பானையை. பானை என்றால் அந்த யோசனையை.

ஊறுகாய் ஜாடியில் பழைய ஆணி, உடைந்த கொக்கி, வெல்லம், தண்ணீர் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். புளித்த வாசனை கிளம்பியதும் வீட்டுக்காரர், “சாராயம் காய்ச்சறியா?” என்று கேட்டார். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கிப் பழைய வேட்டித் துணிக்குப் போட்டு, அதன்மேல் ஜாடித் தண்ணீரைத் தடவினேன். காளஹஸ்திக் கறுப்பு வரவில்லை, ஆழ்ந்த சாம்பல் நிறம் வந்தது. எனக்கு அதுவே பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாக ஒன்று உண்டு: கடுக்காய் போட்ட துணியை ஈரமாக்கி, துருப்பிடித்த கொக்கி, சோடா மூடி, சைக்கிள் செயின் துண்டு, தாழ்ப்பாள் என்று எதையாவது வைத்துச் சுருட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுவது. காலையில் பிரித்தால் ஒவ்வொன்றும் தன் அச்சைப் பதித்திருக்கும். சோடா மூடியின் பல்பல்லான விளிம்பு அத்தனை அழகு. உடனே நன்றாக அலசிவிட வேண்டும். இரும்பு அதிகமாகத் தங்கினால் நாளாக ஆகத் துணி இற்றுப்போகும். துருப்பிடித்த சாமானைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கீறிக்கொண்டால் ஊசி போட வேண்டிவரும்.

இதற்கு ‘கிட்’ எந்தக் கடையில் விற்கிறார்கள்?

நிறத்தைப் பற்றியும் உங்கள் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, இதற்கு இது பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கம் சங்கராந்தி நேரத்தில் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து அதன் தலையில் பூசணிப் பூ செருகுவார்கள். கொப்பெம்மா என்று பெயர். அந்தச் சாணிப் பச்சையையும் பூவின் மஞ்சளையும் பார்த்துத்தான் ஒரு பெண்ணுக்குப் புடவைக்கு மாட்சிங் ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுத்தேன். எங்கே பிடித்தீர்கள் இந்தக் கலரை என்று கேட்டார்கள். சாணியைப் பார்த்து எடுத்தேன் என்று சொல்ல முடியுமா, சிரித்து வைத்தேன்.

திருப்பதியில் மே மாதம் கங்கம்மா ஜாத்திரை நடக்கும். ஒவ்வொரு நாள் ஒரு வேஷம். பைராகி வேஷத்துக்கு உடம்பு முழுக்க நாமக்கட்டி வெள்ளை. பண்ட வேஷத்துக்குக் குங்குமம். தோட்டி வேஷத்துக்குக் கரி. தொர வேஷத்துக்குச் சந்தனம். அன்றன்றைக்கு உடம்பில் பூச ஒரே ஒரு நிறம், அதை வைத்துக்கொண்டு ஆளையே மாற்றிவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பிள்ளைகளிடம் பெயிண்ட் டப்பாக்களைப் பிடுங்கி வைத்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு நிறம், அதோடு துணியின் சொந்த நிறம், அவ்வளவுதான். முதலில் அழுகை. அப்புறம் அந்த ஒரு நிறத்தையே தண்ணீர் விட்டும் விடாமலும், துணியால் ஒற்றியும் விரலால் இழுத்தும் என்னென்னவோ செய்கிறார்கள்.

நான் செல்போனுக்கு எதிரி இல்லை. ஆரி வேலையில் செயின் தையல் எப்படிப் பிடிப்பது என்று நானே அதில்தான் பார்த்துக் கற்றேன். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், எந்த வாத்தியாரும் அத்தனை தடவை காட்டமாட்டார். கை எப்படிப் போக வேண்டும் என்பதற்கு செல்போன் நல்லது. எதைச் செய்வது என்பதையும் அதையே கேட்கும்போதுதான் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரே மயில் வந்து உட்காருகிறது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கைவினைப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மேஜை முழுக்க மயில். ஒரே ‘கிட்’டிலிருந்து வந்த மயில். சோடா மூடித் துணி கொண்டுபோன எங்கள் தெருப் பையனிடம் “ஃபினிஷிங் இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். மயிலுக்குப் பரிசு. அந்த ஃபினிஷிங் மெஷின் போட்டது என்று நான் சொல்ல வாயெடுத்து, அந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்மும் நாம்தானே தைக்கிறோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. எல்லையில் இருக்கிற எங்களைப் போன்ற வீடுகளில் பேசுவது தமிழ், பிள்ளைகள் படிப்பது தெலுங்கு அல்லது இங்கிலீஷ். உங்கள் பேப்பரை நான் படிக்கிறேன், என் பேரன் எழுத்துக்கூட்டக்கூடத் திணறுகிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேப்பரை என் கையிலிருந்து முதலில் பிடுங்குகிறவன் அவன்தான், அந்த வரையும் பக்கத்துக்காக. அதைப் பார்க்கிற சாக்கில் பக்கத்தில் இருக்கிற நாலு எழுத்தையும் தடவுகிறான். அந்தப் பக்கத்தில் அவனுக்கு அவன் ஊரில் இல்லாத மலையைக் கொடுக்காதீர்கள். (எங்கள் பக்கத்திலிருந்து உங்கள் பேப்பரில் செம்மரக் கடத்தலும் லாரி விபத்தும் மட்டும்தான் வருகிறது என்பது வேறு விஷயம், அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.)

வரைந்து காட்டும் அந்தக் கட்டத்தை வாரா வாரம் காலியாக விட்டு, மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள். ‘உங்கள் தெருவில் இருக்கிற ஒரு பழைய தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்து வந்து வரையுங்கள்.’ ‘வாசல் கோலத்தை மத்தியானத்துக்கு மேல், கால் பட்டுக் கலைந்த பிறகு வரையுங்கள்.’ ‘தறிக் கொட்டகை ஓரத்தில் கிடக்கும் கழிவு நூல் இன்றைக்கு என்ன நிறம்?’ எங்கள் ஊரில் தறி, தூத்துக்குடியில் உப்பளம், வால்பாறையில் தேயிலை, அந்தந்த ஊருக்கு ஏற்றாற்போல் வாசகர்களே வரி எழுதி அனுப்புவார்கள். அதை மூன்று நான்கு சொல்லுக்குள் சுருக்கிப் போட்டால் என் பேரனும் படித்துவிடுவான்.

வந்த படங்களில் நாலைந்தைப் போடுங்கள், ஃபினிஷிங் பார்க்காமல். எங்கள் பிள்ளைகள் செய்தது துணிப்படம் ஆதலால் தபாலில்தான் அனுப்ப முடியும், மடித்தால் கோடு விழும், சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்புகிறேன். எந்த முகவரிக்கு, எந்தக் கிழமைக்குள் வர வேண்டும், திருப்பி அனுப்புவீர்களா என்பதை அடுத்த ஞாயிறு இணைப்பில் தெரிவியுங்கள். திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறை வேண்டுமென்றால் அதையும் சேர்த்தே வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
நகரி, ஆந்திரப் பிரதேசம்.