வழியனுப்பியதோடு முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போர் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரையில் தளபதிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. மனைவிமாருக்கு மட்டும் 'கண்ணீருடன் வழியனுப்பினர்' என்ற ஒற்றை வரி. ராணுவக்காரரின் மனைவியான எனக்கு உறுத்தியது.

நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் படையில் ஒரு கம்பெனிக்கு (சுமார் நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) சில மனைவியரே உடன் கப்பலேறலாம். சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள். போனவர்கள் துணி துவைத்தார்கள், காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள்.

1781-இல் அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையில், அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் மனைவி சாரா ஆஸ்போர்ன் பதுங்குகுழிகளுக்கே ரொட்டியும் இறைச்சியும் பெரிய பாத்திரத்தில் காப்பியும் சுமந்துபோனார். 'குண்டுக்குப் பயமில்லையா?' என்று ஜார்ஜ் வாஷிங்டனே கேட்டாராம். ஆண்கள் சண்டையும் போட்டுப் பட்டினியும் கிடப்பது சரிவராது என்றிருக்கிறார் சாரா. 1837-இல் ஓய்வூதியம் கேட்டு அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது இது. (மனுப் போடாவிட்டால் இதுவும் போயிருக்கும்!)

அடுத்த கட்டுரையில் இவருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

— ஓய்வுபெற்ற ராணுவ வீரரின் மனைவி