பிறந்த தேதியைக் கம்ப்யூட்டர் ஊகிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி இ-சேவை மையத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைகிறவர்கள் எல்லோரும் விண்ணப்பத்தில் தப்பாக எழுதிக் கொடுத்தவர்கள் இல்லை. பதிவேட்டில் சரியாக இருந்த தேதி, அதை எக்செல்லில் தட்டி டேட்டாபேஸில் ஏற்றும்போது மாறிப்போனவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு வேலையே இப்படி டேட்டாவை ஏற்றி இறக்குவதுதான் என்பதால், இது எங்கே நடக்கிறது என்று வாசகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

03/04/1966 என்று நாம் எழுதினால் ஏப்ரல் 3. அமெரிக்கர்களுக்கு அது மார்ச் 4. கம்ப்யூட்டரோ டேட்டாபேஸோ அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதுவும் மார்ச் 4 என்றே எடுத்துக்கொள்ளும். 25/04/1966 வந்தால் பிரச்சினையில்லை, 25-வது மாதம் கிடையாது என்பதால் போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் எர்ரர் காட்டி நின்றுவிடும், யாராவது என்னவென்று பார்ப்பார்கள். 12-ம் தேதிக்குள் பிறந்தவர்கள்தான் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் தேதி சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கிற 12 நாட்களை விட்டுவிட்டால், ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி மாறக்கூடியவை, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

ஒரு அலுவலகத்தின் ஊழியர் பட்டியல் என் கைக்கு வந்தபோது, தேதிக் கட்டங்களில் சில இடப்பக்கம் ஒட்டியும் சில வலப்பக்கம் ஒட்டியும் இருந்தன. இடப்பக்கம் இருந்தவை எல்லாம் 25/04/1966 மாதிரி, அமெரிக்க அமைப்பில் இருந்த எக்செல்லுக்குப் புரியாமல் வெறும் எழுத்தாக விட்டுவைத்தவை. வலப்பக்கம் இருந்தவற்றில் முன்னால் இருந்த பூஜ்யம் போய் 3/4/1966 என்று நின்றது, அதாவது எக்செல் அதை ஏற்கெனவே மார்ச் 4 ஆக்கிவிட்டது. புரியாததை மட்டும் ஆள் உட்கார்ந்து திருத்தி ஏற்றினால் பட்டியல் முழுக்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஏப்ரல் 3 அன்று பிறந்த அரசு ஊழியர் 60 வயதில் ஏப்ரல் 30-ம் தேதி ஓய்வு பெற வேண்டியவர், கம்ப்யூட்டர் கணக்கில் மார்ச் 31 அன்றே வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாதச் சம்பளம் யாருடையது?

ஆண்டை இரண்டு எண்ணில் எழுதியிருந்தால் இன்னும் மோசம். '55' என்பதை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் 2055 என்று படிக்கும், ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில், நூற்றாண்டை அதுவே முடிவு செய்யும் ஆர்ஆர் முறையில் ஏற்றினால் 1955. ஒரே கோப்பை இரண்டு துறைகள் இரண்டு இடத்தில் ஏற்றினால், முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டி ஒரு இடத்தில் இன்னும் பிறக்கவே இல்லை.

அப்புறம், பிறந்த தேதியை டைம்ஸ்டாம்ப்பாக, அதாவது நேரத்தோடு சேர்த்து வைப்பது. ஜூன் 15 நள்ளிரவு 12 மணி என்று நம் நேரத்தில் கொடுத்ததை உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் ஜூன் 14 மாலை 6.30 ஆகிவிடும், நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் அச்சடித்தால் ஒரு நாள் காணாமல் போயிருக்கும். மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப்போ 1970-க்கு முந்திய தேதியையே வாங்காது. பிறந்த தேதிக்கு நேரம் எதற்கு? தேதியை மட்டும் வைக்கிற டேட் என்ற வகையே போதும்.

இதையெல்லாம் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பதிவேட்டில் இருப்பதை முதலில் எழுத்தாகவே ஒரு நெடுவரிசையில் அப்படியே ஏற்றி, நாள்-மாதம்-ஆண்டு என்று வரிசையை வெளிப்படையாகச் சொல்லி மாற்றி, மாற்றியதைப் பக்கத்தில் வேறு நெடுவரிசையில் வைக்க வேண்டும். மூலத்தை அழிக்கவே கூடாது. தேதியாக மாற்ற முடியாத வரிகளைத் தனியாக ஒதுக்கி ஒரு ஆள் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. எதிர்காலத்தில் பிறந்தவர்கள், 110 வயதைத் தாண்டியவர்கள், 12-ம் தேதிக்குள் மட்டும் அளவுக்கு மீறிக் குவிந்தவர்கள் என்று தேடிப் பார்த்தாலே பாதிப் பிழை அகப்பட்டுவிடும்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே சொல்கிறது. அதில் ஏறும் தேதி மாறினால் அந்தக் குழந்தை வேறு எதைக் காட்டும்? பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஒப்பந்தம் போடும் அலுவலகங்கள், மேலே சொன்னதை நிபந்தனையாகவே எழுதிச் சேர்க்க வேண்டும். சான்றிதழிலும் படிவத்திலும் மாதத்தை எண்ணில் போடாமல் ஏப்ரல், மே என்று எழுத்தில் அச்சடிக்க வேண்டும். ஏற்றும்போது நேர்ந்த பிழை என்று பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிற இடத்தில், திருத்தத்தை அலுவலகமே கட்டணமில்லாமல் செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பணியாளர் ஒருவர்,
மதுரை.