கியர்பாக்ஸைப் பிரித்து மாட்ட எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் 1997 மாடல் மாருதி 800 மறுபடி ஓடுகிறது. இரண்டாவது கியர் உறுமாமல் விழுகிறது. மூன்றாவது தானாகக் கழன்றுவிடாமல் போட்ட இடத்திலேயே நிற்கிறது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நீயே கியர்பாக்ஸைப் பிரிச்சியாமே" என்று என்னைப் பாராட்டுகிறார்கள். பிரித்ததும் மாட்டியதும் என் கைதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மேல்வீட்டு மாமா. நோயைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தான், அதுவும் பால்கனியில் நின்றபடியே. "நியூட்ரல்ல வைம்மா. கிளட்சை விடு. சத்தம் வருதா? இப்ப மிதி. நின்னுச்சா?" நின்றது. "அப்ப இன்புட் ஷாஃப்ட் பேரிங்தான்" என்றீர்கள். இன்புட் ஷாஃப்ட் என்பது இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு. கிளட்சை மிதித்தால் இன்ஜினோடு சுற்றிக்கொண்டிருந்த அது நின்றுவிடும். அதோடு சத்தமும் நின்றால் கோளாறு அங்கே என்று அப்புறம் கீழே இறங்கி வந்து விளக்கினீர்கள். பேருந்து டிப்போவில் எத்தனை கியர்பாக்ஸைப் பார்த்த காது அது!

இரண்டாவது கியரின் உறுமலுக்குக் காரணம் சிங்க்ரோ ரிங் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். பல்லும் பல்லும் கோக்கும் முன்னால் அந்தப் பித்தளை ரிங் கியரின் கூம்பில் அழுந்தி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். ஊருக்குள் ஓட்டும் வண்டியில் ஒன்றிலிருந்து இரண்டுக்குத்தான் ஓயாமல் மாற்றுகிறோம், வேக வித்தியாசமும் அங்கேதான் அதிகம், அதனால் அந்த ரிங்தான் முதலில் தேயும். பிரித்த பிறகு ரிங்கைக் கூம்பில் அழுத்தி இடைவெளியை, கனம் குறித்த மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் பார்க்கச் சொன்னீர்கள். அரை மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது. உள்பக்கத்தில் இருக்க வேண்டிய மெல்லிய வரிகள் மழுங்கிப் பளபளவென்று இருந்தன.

நீங்கள் மனது வைத்திருந்தால் முழு வேலையையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் ஸ்பேனரை என் கையிலிருந்து நீங்கள் வாங்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அடுத்து எது வரும்னு நினைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே நின்றீர்கள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, சொல்லிவிடுகிறேன். அந்த எரிச்சலுக்கும் சேர்த்து இப்போது நன்றி. ஒரே ஒரு முறைதான் விதியை மீறினீர்கள். கியர் மாற்றும் ஷிஃப்ட் ஷாஃப்டை நான் இழுக்கப்போன நேரத்தில் பாலித்தீன் பையோடு ஓடிவந்து அந்தத் துளையை மூடினீர்கள். உள்ளே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருந்த குண்டு பட்டென்று பைக்குள் விழுந்தது. பை இல்லாவிட்டால் தெருச் சாக்கடையில்தான் தேடியிருக்க வேண்டும். கியரைப் போட்ட இடத்தில் பிடித்து வைக்கிற குண்டு அது. பின்னாலிருந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்ததும், மூன்றாவது கியரைத் தள்ளிப் போடுகிற ஃபோர்க் தேய்ந்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழ்வீட்டு அக்கா, உங்கள் ஸ்கூட்டர் வெயிலில் நின்றதற்கும், வாசல் முழுக்க எண்ணெய் நாற்றம் அடித்ததற்கும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்காமலே முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள் பாருங்கள், அது பெரிய உதவி. கழற்றிய வரிசையிலேயே போல்ட், சர்க்ளிப் என்ற பூட்டு வளையம், இடைவெளியைச் சரிக்கட்டும் ஷிம் தகடு எல்லாவற்றையும் குழிக்கு ஒன்றாக வைத்தேன். எந்த ஷிம் எங்கே என்று மாட்டும்போது குழம்பவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் தூக்கியதற்கு நன்றி. 800இல் கியர்பாக்ஸும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் இருப்பதால் ஆக்ஸில்கள் இரண்டையும் உருவினால்தான் அது வெளியே வரும். அது வந்துவிட்டால் இன்ஜின் சாய்ந்துவிடும். இரண்டு மட்கார்டுக்கும் குறுக்கே மரச்சட்டம் போட்டு, செயினில் இன்ஜினைத் தொங்கவிட்ட யோசனை கொழுந்தனாருடையது. மட்கார்டில் விழுந்த கோடும் அவருடையதுதான். பரவாயில்லை.

புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் பாய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாருதி 800 வந்தது 1983 கடைசியில், உற்பத்தி நின்றது 2014 தொடக்கத்தில். புகைக் கட்டுப்பாட்டுக்கான பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்ததால் சென்னையில் 2010லேயே விற்பனை முடிந்துவிட்டது. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ மாதிரி சாமானெல்லாம் எங்கேயும் கிடைக்கும். பழைய நாலு கியர் பாக்ஸின் ஃபோர்க் என்று போய் நின்றால்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், "இதையெல்லாம் யாரும் பிரிக்கிறதில்லைங்க, பழைய பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்" என்றார்கள். நீங்களும் அப்படியே ஒரு பாக்ஸை என் தலையில் கட்டியிருக்கலாம் பாய். உங்களுக்கு லாபமும் அதில்தான். ஆனால் என் பழைய ஃபோர்க்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பையனை அனுப்பி மூன்று பாக்ஸைத் திறக்க வைத்தீர்கள். அதில் நல்லதை நானே பொறுக்கிக்கொள்ள விட்டீர்கள். ஆம்னி பாக்ஸ் பக்கம் போன என்னைத் தடுத்து, "இன்ஜின் ஒண்ணுதாம்மா, ஆனா அதுல பின்சக்கரம் ஓட்டுது, பாக்ஸே வேற" என்று சொன்னதும் நீங்கள்தான்.

ஜி.பி. ரோட்டுக் கடைப் பெரியவர் இதைப் படிப்பாரா தெரியாது. பேரிங், ஆயில் சீல், சிங்க்ரோ ரிங் எல்லாம் பில் போட்டு முடித்த பிறகு, நான் எடுத்து வைத்திருந்த கியர் ஆயில் டின்னைத் திருப்பிப் பார்த்தார். ஜிஎல் 5 என்ற தரம். "பித்தளை ரிங் போடப்போறீங்க, இது வேண்டாம்மா" என்று எடுத்துவிட்டு, விலை குறைந்த ஜிஎல் 4 டின்னை வைத்தார். ஜிஎல் 5இல் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் நாள்பட்டால் பித்தளையை அரிக்கலாம் என்பதை வீட்டுக்கு வந்துதான் படித்துத் தெரிந்துகொண்டேன். விலை கூடிய பொருளை எடுத்துவிட்டுக் குறைந்ததைக் கடைக்காரரே கொடுப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

லேத் பட்டறை அண்ணா, பழைய பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்து நீங்கள் கழற்றிக் கொடுத்தது ஐந்து நிமிட வேலை. காசு வாங்க மாட்டேன் என்றீர்கள். புதியதை எப்படி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் உங்களுக்கு அரைமணி நேரம் போனது. அழுத்தினால் உள்வளையத்தில்தான் அழுத்த வேண்டும், வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும் என்றீர்கள். அதைவிட நல்லது, எண்ணெயில் சூடேற்றினால் தானே விரிந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் என்றீர்கள்.

அந்த எண்ணெய்ச் சூட்டுக்குத் தன் பழைய வடைச்சட்டியைத் தியாகம் செய்தவர் என் மாமியார். அத்தை, நீங்கள் வாயைத் திறந்து திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேரிங் சட்டியின் அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டு, நாத்தனார் கேக் செய்ய வைத்திருந்த வெப்பமானியை எண்ணெயில் விட்டு, நூறு டிகிரிக்கு மேலே போகவிடாமல் அடுப்பைக் குறைத்துக் குறைத்து வைத்தவர் நீங்கள். "பாகு பதம் பார்க்கிறவளுக்கு இது என்ன" என்றீர்கள். கையுறை போட்டு எடுத்துச் ஷாஃப்டில் வைத்ததும் பேரிங் சொத்தென்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் கைதட்டியதை வீட்டுக்காரர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமா, இன்னொன்று. ரிவர்ஸ் போடும்போது எப்போதாவது கர்ர் என்கிறது என்று நேற்று கேட்டேனே, நீங்கள் சொன்னபடி கிளட்சை மிதித்து இரண்டு நொடி பொறுத்துப் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லை. அதற்கு சிங்க்ரோவே கிடையாது என்பதை மறந்துவிட்டேன்.

அண்ணா, உங்கள் புல்லரும் சர்க்ளிப் பிளையரும் துடைத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவருகிறேன். பாய், மிச்சமிருக்கும் பழைய ரிங்குகளும் பேரிங்கும் பித்தளைக்கும் இரும்புக்கும் ஆகுமென்றால் அதே வழியில் போட்டுவிட்டு வருகிறேன். அத்தைக்குப் புதுச் சட்டி வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அக்கா ஸ்கூட்டரைத் தாராளமாக நிழலிலேயே விடலாம்.

அன்புடன்,
நடுவீட்டுக்காரி