சோம்தாவுக்கு இசை பொழுதுபோக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் தாய்லாந்தின் சோம்தாவ் சுசரித்குல் படத்தைப் பார்த்ததும் மனம் பூரித்தது. ஆனால் கட்டுரையாளர் அவர் வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘ஓய்வு நேரத்தில் இசையிலும் ஈடுபாடு உண்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இசைக்குழுவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, அதே போன்ற வாத்தியம்) வாசிப்பவன் என்ற முறையில் அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1952-ல் பாங்காக்கில் பிறந்து, இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த சோம்தாவ் முதலில் இசையமைப்பாளர். எழுபதுகளின் பிற்பகுதியில் ஊர் திரும்பி, அங்கே அதுவரை கேட்டிராத புது வகை இசையைக் கொண்டுவர முயன்றார். எதிர்ப்பு கிளம்பியது. மனம் சலித்து, இசை எழுதவே வராமல் போன அந்தக் காலத்தில்தான் முழுமூச்சாகக் கதைப்பக்கம் திரும்பினார். 1981-ல் சிறந்த புதிய எழுத்தாளருக்கான ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் விருது கிடைத்தது. அப்படியிருக்க, எது முதலில் வந்தது?

1982-ல் வந்த அவருடைய ‘லைட் ஆன் தி சவுண்ட்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரகத்தில் ஒளியையே பாட்டாகப் பாடும் மாபெரும் பிராணிகள் பறக்கின்றன. விண்கலங்களைச் செலுத்த அவற்றின் மூளை வேண்டும். ஆனால் பாட்டின் அழகில் மயங்கியவனுக்கு அவற்றைக் கொல்லக் கை எழாது. அதனால் வேட்டைக்காரர்களைக் கண்ணும் காதும் இல்லாத இனமாகவே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். இசையை இழந்து தவித்தவன் அல்லாமல் வேறு யாருக்கு இப்படி ஒரு கொடுமை தோன்றும்? இதைப் படித்த இரவு எனக்கு வயோலாவைத் தொடவே முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வயோலாவுக்கான இசைக்குறிப்புத் தாளில் பல இடங்களில் ஒரு சுரமும் இருக்காது. ஒரு தடித்த கோடு, அதன் மேல் எத்தனை தாளக்கட்டு சும்மா இருக்க வேண்டும் என்று ஓர் எண், அவ்வளவுதான். அத்தனை தாளக்கட்டும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்போம். யார் எங்கே பேசாமல் காத்திருக்கிறார்கள், யார் எப்போது நுழைய வேண்டும் என்பதெல்லாம் இசைக்குழுவை நடத்துபவரின் கையில் உள்ள, எல்லா வாத்தியங்களின் குறிப்பும் அடங்கிய முழுத்தாளில் மட்டுமே இருக்கும். ஏராளமான கிரகங்களையும் தலைமுறைகளையும் கையாளும் சோம்தாவின் தொடர்கதைகளில் எப்போதோ ஒதுங்கிய பாத்திரம் சரியான இடத்தில் திரும்பி வரும்போது, அந்த முழுத்தாளைப் பார்த்துப் பழகிய கண்ணை நான் உணர்கிறேன்.

அமெரிக்காவில் நாவலாசிரியராகப் பல ஆண்டுகள் வாழ்ந்த பிறகு, இசை அவரிடம் திரும்பி வந்தது. 2001-ல் அவருடைய ‘மதனா’ ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம், பாங்காக்கில் அரங்கேறியது. 2006-ல் இராமாயணத்தை ‘அயோத்யா’ என்ற ஓபராவாக்கினார். இராவணன் மேடையில் சாவதைக் காட்டினால் கேடு என்பது தாய் நாட்டுக் கூத்து மரபின் நம்பிக்கை. அதை வைத்துக் கலாசார அமைச்சகத் தரப்பிலிருந்து நெருக்கடி வந்து, அந்தக் காட்சியை மாற்ற வேண்டியதாயிற்று. இந்தச் செய்தி நம் வாசகர்களுக்கு எவ்வளவு நெருக்கமானது! கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அவர் உருவாக்கிய இளைஞர் இசைக்குழுவான சயாம் சின்ஃபோனியெட்டா 2012-ல் வியன்னாவில் நடந்த போட்டியில் முதல் பரிசு பெற்றது. பிள்ளைகளை உட்காரவைத்து ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனிகளைப் பயிற்றுவிப்பது எத்தகைய உழைப்பு என்பது ஒத்திகைகளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அதை ஓய்வு நேர வேலை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். சோம்தாவின் இசை வாழ்க்கைக்கென்று தனியாக ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். உரிய அனுமதி பெற்று, ‘லைட் ஆன் தி சவுண்ட்’ நாவலின் ஓர் அத்தியாயத்தையாவது தமிழில் வெளியிடுங்கள். பிராணிகள் பாடும் பக்கங்களை மொழிபெயர்க்கும்போது இசை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
வயோலா வாசிக்கும் தங்கள் வாசகன்